வேதத்துக்குள் கிடந்த அலமாரிச் சாவி

என் மனைவியாகிய வீட்டு நீதிபதி அம்மாவுக்கு,

என் அலமாரிச் சாவி கிடைத்துவிட்டது. நீ தொலைக்கவில்லை. ஐந்து மாதமாக உன்மேல் பழியும் போட்டுவிட்டு, தினமும் உன்னிடமிருக்கும் மாற்றுச் சாவியையே வாங்கிச் சட்டை எடுத்ததற்கு மன்னித்துவிடு.

நேற்று நீ, "முன்ன மாதிரி நீங்க வேதம் வாசிக்கிறதில்ல" என்றதும், "தினமும் வாசிக்கிறேன், நீ பாத்தியா?" என்று எகிறினேன் இல்லையா? இன்று காலை உன்னை மடக்குவதற்காகத்தான் வேதாகமத்தைத் திறந்தேன். உள்ளே சாவி! ஐந்து மாதத்துக்கு முன் ஒருநாள் வாசிக்கும்போது போன் வந்தது. கையில் இருந்த சாவியை அடையாளத்துக்கு வைத்துவிட்டு எழுந்தேன். அதோடு சரி. நான் பொய் சொல்லவில்லை, தினமும் வாசிப்பதாக நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

"தராசு ஒரே நாள்ல கெடாது, எடைக்கல் வச்சுப் பாத்தாதான் தெரியும்" என்று கடை கடையாகச் சொல்லிப் பழுது பார்க்கிறவன் நான். என் முள் நகர்ந்தது எனக்குத் தெரியவில்லை.

விட்ட இடத்திலிருந்தே வாசித்தேன். ஜெபம் பண்ண உட்கார்ந்தால் அழுகைதான் வந்தது. இப்போது மனசு லேசாக இருக்கிறது.

டியூட்டி முடிந்து வந்ததும் சாப்பிடு. மூடி வைத்திருக்கிறேன். உப்பு கொஞ்சம் தூக்கல்.

பி.கு.: சாவியைத் திரும்ப வேதத்துக்குள்ளேயே வைத்துவிட்டேன். இனி அதன் இடம் அதுதான். அதைத் திறந்தால்தான் எனக்குச் சட்டை.

இன்னொன்று: நேரமாகிவிட்டது என்று நான் எவ்வளவு கெஞ்சினாலும், உன் சாவியை மட்டும் தராதே.