சாணம் கரைக்கும் வேலை

12 ஜனவரி 1983
உச்சவரம்புச் சட்டத்தில் வயல் போன பிறகு காலியாகக் கிடந்த எங்கள் நெல் கிடங்கு, நான் நடத்தும் பால்வாடியாகி ஒரு மாதம். உள்ளே ஒரே இருட்டு, புகை. ஈர விறகை ஊதி ஊதி, சமைக்கிற ஆயா அம்சத்துக்குக் கண் சிவந்துவிட்டது, பிள்ளைகள் இருமுகிறார்கள். கரண்ட்டுக்கு எட்டுக் கம்பம் நடவேண்டுமாம், இரண்டு வருஷம் ஆகுமாம். அதுவரை பிள்ளைகள் வளராமல் காத்திருக்குமா என்ன?

19 ஜனவரி
பாபநாசம் ஒன்றிய அலுவலகத்துக்குப் போய்ச் சாண எரிவாயுக் கலனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுப்பும் எரியும், விளக்கும் எரியும். மாடுதான் நாலு நிற்கிறதே! தலைகால் புரியவில்லை எனக்கு.

6 மார்ச்
கிடங்குக்கு முன்னால், நெல்லடிக்கும் களத்தில் கலன் கட்டி முடிந்தது. அம்சத்தின் கணவர் வீரையன்தான் கூடவே நின்று செங்கல் சுமந்தார். இன்று தொட்டியில் சாணத்தைப் போட்டு, "வீரையன், தண்ணி விட்டுக் கரைங்க" என்றேன். தொட்டியையே பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அம்சமும் பின்னாலேயே. மாட்டோடேயே வளர்ந்தவருக்குச் சாணம் அருவருப்பா? கோபமாகத்தான் வந்தது.

7 மார்ச்
அவர்கள் வீட்டுக்கே போனேன். அம்சம் மட்டும் வாசலுக்கு வந்தாள்.
"பதினாறு வயசும்மா அவருக்கு. காச்சல்ல ஒருநா ஒங்க வயலுக்கு ஏரோட்டப் போகல. ஒங்க அப்பா அதே களத்துல நிறுத்தி, சாணியக் கரச்சுக் குடிக்க வச்சாரு. கரைக்கச் சொன்னதும் அவரத்தான்."
அப்பா — என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அதே களத்தைச் சுற்றிய அப்பா. அப்போது எனக்கு ஐந்து வயது இருந்திருக்கும். ஐயோ, நானும் அதையே சொல்லித் தொலைத்தேனே. வெட்கத்தில் அழுகை அழுகையாக வருகிறது.

8 மார்ச்
நானே கரைத்தேன்.

15 மார்ச்
இன்றும். முழங்கை வரை நாறுகிறது. அம்சம் சமையலுக்கு வந்துவிட்டாள்; அவர் வரவில்லை. வேண்டாமென்றால் கலனை மூடிவிடுகிறேன் என்று சொல்லியனுப்பினேன்.

22 மார்ச்
வீரையன் வேலிக்கு அந்தப்பக்கம் வந்து நின்றார்.
"கட்டி கட்டியாக் கெடக்கு. இன்னுங் கொஞ்சம் தண்ணி விடுங்கம்மா, குழாய் அடச்சுக்கும்."
விட்டேன்.
"இத நான் தொட மாட்டேன்."
"தொடவே வேண்டாம், வீரையன்."
அப்பாவுக்காக மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், கையமர்த்திவிட்டார்.
"புள்ளைங்க இருமுதுங்க. மூடிறாதீங்க."

10 ஏப்ரல்
அடுப்பு பற்றிக்கொண்டது! புகையே இல்லை. பிள்ளைகள் கைதட்டித் தீர்த்துவிட்டார்கள். விளக்கை வீரையன் ஏற்றினார். முதலில் டீ போட்டோம். நான் ஒரு டம்ளரை நீட்டினேன். வாங்கி, குனிந்து உள்ளே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குடித்தார்.
"சக்கர பத்தலம்மா" என்றார்.
நான் எழுந்து போய்க் கொண்டுவந்தேன்.