சங்கரலிங்கம் பெயரில் ஒரு மீட்டர்

மார்ச் 3, திங்கள்

காலையிலிருந்து மழை. ஹால் கூரை ஓட்டையில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் கூரைக்கு மேலுள்ள அட்டிக் காற்றில் புடைத்துப் புடைத்து அடங்குகிறது. டி.வி. பார்க்க முடியவில்லை, கண் அங்கேயே போகிறது.

இன்ஷூரன்ஸ் கடிதம் வந்தது. தலைப்பு: 'உங்கள் இழப்பு குறித்து.' சாரம்: ஜனவரியில் நீங்கள் இந்தியாவில் இருந்தபோது வீட்டில் ஹீட்டர் ஓடியதற்கு ஆதாரம் தருக. ஓடவில்லை என்றால் குழாய் உறைந்து வெடித்தது உங்கள் கவனக்குறைவு. கூரை, தரை, சோபா எதற்கும் ஒன்றும் கிடையாது.

செல்வியின் தம்பி கல்யாணத்துக்குத் திருநெல்வேலி கிளம்பிய அன்று ஹீட்டரின் தெர்மோஸ்டாட்டை அறுபது ஃபாரன்ஹீட்டில் வைத்தது நான். என் விரலால். என்னிடம் ஆதாரம் கேட்கிறார்கள். போனில் உள்ள தெர்மோஸ்டாட் ஆப் ஊருக்குப் போனதிலிருந்து பல நாள் 'ஆஃப்லைன்' என்றே காட்டியது. இன்டர்நெட் கம்பெனியின் லட்சணம். அவர்களுக்கும் ஒரு புகார் எழுத வேண்டும்.

இழப்பை மதிப்பிடும் இன்ஷூரன்ஸ் அட்ஜஸ்டர் பெண்ணைப் போனில் பிடித்தேன். அவள் சொன்ன ஒரே உருப்படியான விஷயம்: வெளிச்சுவரில் இருக்கும் ஸ்மார்ட் மீட்டர் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்கிறது. அந்த டேட்டாவை வாடிக்கையாளர் எடுத்துக் கொடுத்தால் போதும். வாடிக்கையாளர் அனுமதி இல்லாமல் அவர்களாலேயே எடுக்க முடியாதாம். அப்படித்தான் இருக்க வேண்டும். என் வீட்டு மின்சாரம், என் டேட்டா.

செல்வியிடம் சொன்னேன்.

"அதெல்லாம் எதுக்குங்க? நாமளே ஆள வெச்சு சரி பண்ணிக்கலாமே."

எப்போதும் இப்படித்தான். நான் ஒரு நியாயத்துக்காக நிற்கும்போது பக்கத்தில் ஆளைக் காணோம்.

டேட்டா வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை அவளிடம் சொல்லவில்லை. நாங்கள் இல்லாதபோது சாவி டாக்டரிடம் இருந்தது. டாக்டர் என்றால் செல்வியின் அக்கா புருஷன், என் சகலை, பியர்லாண்டில் ஏரி பார்த்த வீடு. கடுங்குளிர் வந்த வாரம் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினார்: "வீட்டப் போய்ப் பாத்துட்டேன் சகலை, ஒண்ணும் பிரச்சினை இல்ல." ரோடெல்லாம் ஐஸ். அதில் பியர்லாண்டிலிருந்து சுகர் லேண்டில் எங்கள் வீட்டுக்கு இவராவது வருவதாவது. வந்திருந்தால் விளக்கு போட்டிருப்பார். மீட்டரில் தெரிந்துவிடும்.

பால். கொத்தமல்லி. டக்ட் டேப். அபிக்குப் பல் டாக்டர் வியாழன்.

மார்ச் 5, புதன்

மீட்டர் டேட்டாவுக்கென்று தனி வெப்சைட். மின்சாரம் விற்பவன் ஒருவன், கம்பிக்குச் சொந்தக்காரன் இன்னொருவன், டேட்டா மூன்றாமவனிடம். டெக்சஸ்.

பில்லில் இருக்கும் நீளமான எண்ணை அடித்தேன். மீட்டர் எண்ணை அடித்தேன். முதல் பெயர் முத்துக்குமார், கடைசிப் பெயர் சங்கரலிங்கம். 'விவரங்கள் பொருந்தவில்லை.' மறுபடி. பொருந்தவில்லை. இன்னொரு முறை அடித்ததும் பூட்டிக்கொண்டது.

பில்லை எடுத்துப் பார்த்தேன். இத்தனை வருடமாகக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். வீடு வாங்கியபோது போனில் கணக்கு ஆரம்பித்தவன் பெயரைத் திருப்பிப் போட்டிருக்கிறான். முதல் பெயர் சங்கரலிங்கம், கடைசிப் பெயர் முத்துக்குமார். மாதாமாதம் 'அன்புள்ள சங்கரலிங்கம்' என்றுதான் பில் வந்திருக்கிறது. சங்கரலிங்கம் என் அப்பா. பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட கிளார்க்காக இருந்து ரிடயர் ஆனவர். பாஸ்போர்ட் கூட எடுத்ததில்லை.

திருத்தினால் ஆயிற்று. நாளை போன்.

ஆபீஸில் சின்னப்பயல் மேனேஜர் என் ஸ்லைடைத் தன் பெயரில் காட்டினான். அதை இங்கே குறித்து வைக்கிறேன், மறக்கக் கூடாது.

மார்ச் 6, வியாழன்

மூடுபனி. 59 நெடுஞ்சாலையில் ஊர்ந்தேன். மதியம் காரில் உட்கார்ந்து மின்கம்பெனிக்குப் போன். பாட்டு, பாட்டு, பாட்டு. கடைசியில் ஒரு பெண்.

இந்தக் கணக்கு சங்கரலிங்கம் என்பவர் பெயரில் இருக்கிறது, நீங்கள் யார் என்றாள். நான்தான் என்றேன். உங்கள் பெயர் முத்துக்குமார் என்றீர்களே. ஆமாம், சங்கரலிங்கம் என் அப்பா பெயர். அப்படியானால் அப்பாவிடம் போனைக் கொடுங்கள், அவர் சம்மதம் சொன்னால் போதும்.

எரிச்சலில் சொன்னேன்: "அவர் செத்துப் பல வருஷம் ஆச்சும்மா."

அவளுக்கு அது இங்கிலீஷில்தான் போனது. குரல் குழைந்துவிட்டது. ஒரு நிமிடம் இருங்கள் சார், குறித்துக்கொள்கிறேன் என்றாள். தட்டச்சு சத்தம். என்ன குறித்தாள் என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

பல் டாக்டரிடம் அபியைக் கூட்டிப்போகும் வழியில் இதைச் சொன்னேன். சிரித்தாள். "அப்பா, யூ பேஸிக்கலி கில்ட் தாத்தா." எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

எதிர்பார்த்ததுதான். மின்கம்பெனியிலிருந்து கெட்டி உறையில் கடிதம், ஓரத்தில் வெள்ளைப் பூ. 'சங்கரலிங்கத்தின் குடும்பத்தினருக்கு. உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்.' கீழே: வாடிக்கையாளர் காலமானதால் கணக்கின் விவரங்கள் முடக்கப்பட்டுள்ளன. இறப்புச் சான்றிதழ், வாரிசு என்பதற்கான நீதிமன்றத் தாள், இரண்டும் தேவை.

அப்பா போனபோது இந்த ஊர் ஆபீஸ்காரன் ஒருவனும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது பூ.

செல்வி கடிதத்தை வாங்கிப் படித்தாள். "விட்டுருங்களேன்" என்றாள். விட மாட்டேன் என்றேன். கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டு என் கையில் கொடுத்தாள்.

மார்ச் 13, வியாழன்

மறுபடி போன். இந்த முறை ஒரு பையன். சுலபமான வழி இருக்கிறது சார், கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றிவிடுகிறேன், இரண்டு நிமிடம். சரி என்று சொல்லப்போனவன் நல்லவேளையாகக் கேட்டேன்: ஜனவரி டேட்டா தெரியுமா?

தெரியாதாம். நான் புது வாடிக்கையாளர் ஆகிவிடுவேனாம். புது வாடிக்கையாளர் பழையவரின் டேட்டாவைப் பார்க்க முடியாது, அது அவருடைய அந்தரங்கம்.

"யாருடைய அந்தரங்கம்?"

"மிஸ்டர் சங்கரலிங்கத்துடையது, சார்."

பார்க்கிங் லாட்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். தொண்டை கட்டிவிட்டது. இரவு வெந்நீரில் உப்பு.

மார்ச் 15, சனி

டாக்டர் வீட்டில் மதியச் சாப்பாடு, அவர் மகள் பிறந்தநாள். போகாமல் இருந்தால் செல்வி முகம் ஒரு வாரம் தொங்கும். ஏரியில் வாத்து. எல்லோரும் அதைப் போட்டோ எடுத்தார்கள்.

டாக்டர் எல்லோர் முன்னாலும்: "என்ன சகலை, மீட்டர் வாயத் தொறந்துச்சா?"

"தொறக்கும். யார் வந்தா, யார் வராமலே வந்தேன்னு சொன்னான்னு எல்லாம் சொல்லும்."

அக்கா பாயசக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். டாக்டர் மட்டும் சிரித்துக்கொண்டே என் தட்டில் இன்னொரு வடை வைத்தார். "சாப்பிடும்வே, சண்டை போடத் தெம்பு வேணும்லா." அந்தச் சிரிப்புதான். இருபது வருடமாக அதே சிரிப்பு. என் கிரீன் கார்டு தாமதமானபோது, வேலை போனபோது, எப்போதும் வடை, எப்போதும் சிரிப்பு.

திரும்பும்போது காரில் செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அபி ஹெட்போன். வடை நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 18, செவ்வாய்

வெற்றி.

புகார் கொடுப்பேன் என்றதும் சூப்பர்வைசரிடம் கொடுத்தார்கள். வயதான குரல், கறுப்பினப் பெண் என்று நினைக்கிறேன். பொறுமையாகக் கேட்டாள். எங்கள் பக்கம் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, அப்பா பெயரைத்தான் கடைசியில் போடுவோம், என் மனைவியின் கடைசிப் பெயர் என் முதல் பெயர், என் மகளுடையதும் அதுவே என்று சொன்னேன். "அப்படியானால் உங்கள் வீட்டில் உங்கள் கடைசிப் பெயர் உள்ளவர் நீங்கள் ஒருவர்தானா?" என்றாள். ஆமாம். "தனிமையாக இருக்குமே" என்று சிரித்தாள்.

பாஸ்போர்ட் பக்கத்தை அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். இறந்தவரை எழுப்பிப் பெயரைத் திருப்பிப் போட்டுவிட்டாள். டேட்டா திறக்க இரண்டு நாள் ஆகுமாம்.

மார்ச் 20, வியாழன்

வெயில், முதல் தடவையாக ஏ.சி. ஆபீஸிலிருந்து சீக்கிரம் கிளம்பி வந்தேன். லாப்டாப்பை டைனிங் டேபிளில் வைத்து இரண்டு பேரையும் கூப்பிட்டேன். அபி வரவில்லை. செல்வி ஈரக் கையோடு வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

திறந்தது. கிளம்பிய நாள். காலையில் எண்கள், நான் இட்லி அவித்த குக்கர் உட்பட எல்லாம் அதில் இருந்திருக்கும். மதியம் வரை எண்கள்.

பிறகு பூஜ்யம்.

பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். கீழே இழுத்துக்கொண்டே போனேன். மறுநாளும் பூஜ்யம். மின்வெட்டு என்று நினைத்தேன், ஒரு நிமிடம் சந்தோஷம்கூட. ஆனால் மின்வெட்டு என்றால் அந்த வரிசையே காலியாக இருக்கும் என்று பக்கத்தின் அடியிலேயே போட்டிருக்கிறான். இங்கே காலி இல்லை. மீட்டருக்குக் கரண்ட் இருந்திருக்கிறது. உயிரோடு உட்கார்ந்து பதினைந்து நிமிடத்துக்கு ஒரு பூஜ்யம் எழுதியிருக்கிறது. ஃபிரிட்ஜ்கூட ஓடவில்லை.

குளிர் உச்சத்தில் இருந்த அன்று மதியம், திடீரென்று எண். பெரிய எண். ஹீட்டர் முழுமூச்சாக ஓடினால் வரும் எண். அதற்கப்புறம் நாங்கள் திரும்பும்வரை நிற்கவே இல்லை.

"மெயின அணைச்சேன்ங்க" என்றாள் செல்வி, பின்னாலிருந்து.

"எந்த மெயின?"

"கராஜ் பெட்டில பெருசா ஒண்ணு இருக்கே, அது."

"யாரு உன்ன அணைக்கச் சொன்னா?"

"நீங்கதான். கார்ல உக்காந்து ஹாரன் அடிச்சு அடிச்சு, எல்லாத்தையும் அணைச்சிட்டு வா, எல்லாத்தையும் அணைச்சிட்டு வான்னு. எல்லாத்தையுமான்னு கேட்டேன். ஆமா, எல்லாத்தையும்னீங்க. வீட்டப் பூட்டிட்டு ஊருக்குப் போனா எங்கப்பா மெயினத்தான அணைப்பாரு. உங்கப்பாவும்தான்."

ஃபிரிட்ஜ் காலியாக, கதவில் துணி செருகி, துடைத்து வைத்திருந்தது ஞாபகம் வந்தது. மாவை அக்கா வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். இந்த ஊரில் தண்ணீரை மூட வேண்டும். கரண்டை மூடிவிட்டுப் போயிருக்கிறோம்.

"அப்ப மறுபடி போட்டது?"

"அத்தான். அந்த ஐஸ்ல ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருக்காரு. உள்ள வந்து பாத்தா இருட்டு. மெயினப் போட்டுட்டு எனக்குப் போன் பண்ணாரு. நான்தான் அழுதேன், அவர்ட்ட சொல்லிராதீங்க, ஜென்மத்துக்கும் சொல்லிக் காட்டுவாருன்னு. சரி, நீயும் சொல்லாத, நானும் சொல்லலைன்னாரு. குழாய் அவரு வந்து போனதுக்கப்புறந்தான் வெடிச்சிருக்கு. அது அவருக்கும் தெரியாது."

அப்படியானால் அவர் மெயினைப் போட்டு உருக விட்டதால்தான் வெடித்தது என்று சொன்னேன். சொல்லும்போதே செல்வி என்னைப் பார்த்தாள். நிறுத்திக்கொண்டேன்.

சனிக்கிழமை அத்தனை பேர் முன்னால் நான் சொன்னது. அவர் வடை வைத்தது. இதற்கும் நான் அந்த ஆளுக்குக் கடமைப்பட வேண்டுமா.

லாப்டாப்பை மூடிவிட்டேன். டவுன்லோட் செய்யவில்லை.

மார்ச் 21, வெள்ளி

வெயில். வீட்டிலிருந்து வேலை. தோட்டத்துக் குழாய் சொட்டுகிறது, வாஷர்.

பதினொரு மணி வாக்கில் அட்ஜஸ்டர் கூப்பிட்டாள். மீட்டர் டேட்டா கிடைத்ததா?

செல்வி அடுப்படியில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். போன் ஸ்பீக்கரில்.

கிடைத்தது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இன்னும் இல்லை" என்று வந்தது. "கம்பெனியில் சிக்கல். கணக்கு வைத்திருந்தவர் இறந்துவிட்டார்."

அந்தப் பக்கம் தட்டச்சு நின்றது. உங்களுக்கு அவர் யார்?

"அப்பா."

"உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன், சார். தாள்கள் வரும்வரை ஃபைலைத் திறந்தே வைக்கிறேன். அவசரப்பட வேண்டாம்."

நன்றி சொன்னேன். நல்ல பெண்.

செல்வி அடுப்பை அணைத்தாள். பாதித் தாளிப்பில். கடுகு வெடித்து முடியவில்லை.

"அத்தான் எனக்காக ஒரு பொய் சொன்னாரு. நீங்க இப்ப யாருக்காகச் சொன்னீங்க?"

டக்ட் டேப் பெரிய ரோலாக வாங்க வேண்டும். கூரைத் தாளின் ஒரு ஓரம் விட்டுவிட்டது.