சத்தம் போடாத மணிப்பெட்டி

அன்புள்ள அக்காவுக்கு,

அங்கே சளி, காய்ச்சல் எதுவும் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்றுதான் அம்மா ஒவ்வொரு கடிதத்திலும் எழுதச் சொல்வாள், இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் அம்மாவுக்குக் கேட்டுவிடும், அதனால் சமையலறைக் கதவை ஒருக்களித்துவிட்டு எழுதுகிறேன். அப்பா பேக்கரிக்கு இரவு வேலைக்குப் போயிருக்கிறார், வர விடிந்துவிடும்.

அம்மா குளியலறையில் விழுந்த பிறகு நீ வாங்கி அனுப்பினாயே, அம்மா கழுத்தில் தொங்கும் பொத்தானை அமுக்கினால் என் தலைமாட்டில் கத்தும் சின்னப் பெட்டி, அது செத்துவிட்டது. நான்தான் சாகடித்தேன் போல. சார்ஜ் இறங்கிவிடுமோ என்ற பயத்தில் மாதக்கணக்காக ராப்பகலாக ஒயரிலேயே போட்டு வைத்திருந்தேன். போன வாரம் ஒயரைக் கழற்றினால் பத்து நிமிஷத்தில் அணைந்தது, திரும்பச் சொருகினால் ஐந்தே நிமிஷத்தில் பச்சை விளக்கு வந்தது. இவ்வளவு சீக்கிரம் நிரம்புகிறதே, நல்ல பேட்டரிதான் என்று நம்பினேன் அக்கா. அப்புறம் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது, அதை அழுத்தி ரப்பர் பேண்டு போட்டேன். இன்று சாயங்காலம் நகப்பூச்சு மாதிரி வாசனை வந்ததும் பயந்துபோய்த் தெருமுனை ரிப்பேர் கடை மாமாவிடம் ஓடினேன். அவர் பார்த்துவிட்டு, “ஏம்மா, இது மாசமா இருக்குதே, ரப்பர் பேண்டு போட்டுப் பிரசவம் பாத்தியா?” என்றார். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. “இன்னும் ஒரு அழுத்து அழுத்தியிருந்தா தீப்பிடிச்சிருக்கும்” என்று சொல்லி, பிளாஸ்டிக் குச்சியால் பேட்டரியை நெம்பி எடுத்து மணல் டப்பாவில் போட்டார். அதன் மேலே 503035 என்று இருந்தது. முதல் இரண்டு எண்ணும் பேட்டரியின் தடிமனாம், 50 என்றால் 5.0 மில்லிமீட்டர். ஸ்கேல் வைத்துக் காட்டினார், ஒன்பது இருந்தது. அதே எண், அதே 3.7 வோல்ட் உள்ள புதுப் பேட்டரியை, சிவப்பு கறுப்பு ஒயர் இடம் மாறாமல் போட வேண்டுமாம், அது நாளை மறுநாள்தான் வருமாம். அதுவரை வெறும் ஒயரில் ஓடுமா என்று கேட்டேன். பேட்டரி இல்லாமல் இது கண்ணே திறக்காது என்றார்.

வெற்றுப் பெட்டியை மூடித் தலைமாட்டில் வைத்துவிட்டேன். நான் கடையில் நின்ற நேரத்தில் அம்மா மூன்று தடவை அமுக்கியிருக்கிறாள், அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு தானே நடந்திருக்கிறாள். “அம்மா மேல அவ்வளவு சலிப்பாயிடுச்சாடி?” என்று கேட்டாள். தூங்கிவிட்டேன் என்று பொய் சொன்னேன். “சரி விடு, படிக்கிற பிள்ளை. ராத்திரிக்குத்தான் மணி இருக்கே” என்றாள். உண்மையை எப்படிச் சொல்வேன்? “இவளால ராத்திரி பாத்துக்க முடியலன்னா உன்னைச் சித்தி வீட்ல விட்டுட்டு இவளை ஹாஸ்டல்ல சேக்கிறதுதான்” என்று அப்பா அம்மாவிடம் சொன்னது உனக்குத் தெரியுமே. கட்டில் கிறீச்சிட்டால் உயிர் போய் வருகிறது. இப்போதுகூட எட்டிப் பார்த்தேன், புரண்டுதான் படுத்திருக்கிறாள், கை பொத்தான்மேல் இருக்கிறது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. விழுந்தால் கூப்பிட மாட்டாள் அக்கா, பொத்தானை அமுக்கிவிட்டு நான் வருவேன் என்று காத்துக்கொண்டே கிடப்பாள். ஹாஸ்டல் என்றால் ஹாஸ்டல், இதோ எழுப்பிச் சொல்லப் போகிறேன்.

உன் போனை ராத்திரி முழுக்க ஒயரில் விடாதே, தலையணைக்கடியில் வைக்கவே வைக்காதே. நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், பெரியவர்கள் சொல்ல வேண்டியதுதான், இன்றைக்கு நானே சொல்லிவிடுகிறேன்.

உன் தங்கை,
வாலு

விடிந்து எழுதுகிறேன் அக்கா, ராத்திரியே சொல்லிவிட்டேன். அம்மா திட்டவில்லை. பொத்தானைக் கழற்றி ஜன்னலில் வைத்தாள். என் பாயைக் கட்டிலோரம் போடச் சொல்லி, நான் படுத்ததும் விளக்கை அணைத்துவிட்டு, “வாலு” என்று ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். கேட்கிறது என்றேன்.