காவல் எலியின் பல்

இன்று மாலை சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்தில் தள்ளுவண்டிக்காரர் மக்காச்சோளம் வேகவைத்துக்கொண்டிருந்தார். நம் ஆய்வகத்தில் எலிக்கூண்டுகளில் பரப்பும் சோளச்சக்கையை நீராவியில் வைக்கும்போது எழும் அதே வாசனை. நான் வாங்காமல் தள்ளிப்போய் நின்றேன். நீ இருந்தால் இரண்டு கதிர் வாங்கியிருப்பாய்.

காலையில் காவல் எலி முதுகைக் கூனி, மயிர் சிலிர்த்து மூலையில் கிடந்தது. அறையின் எல்லாக் கூண்டுகளிலிருந்தும் அழுக்குச் சக்கையை எடுத்து அதன் கூண்டில் போடுகிறோம். எங்கே நோய் இருந்தாலும் அதற்குத் தொற்றி நமக்குத் தெரிய வேண்டும். தெரிந்துவிட்டால் அந்த அறையில் ஒரு எலியையும் உயிரோடு விட்டுவைக்க மாட்டார்கள்.

போன வருடமும் ஒன்று இப்படித்தான் கூனிக் கிடந்தது. தொற்றுதான் என்று முடிவுகட்டி, கையுறைக்குள் விரல் நடுங்க நின்றேன். நீ அதன் வாயைப் பிரித்தாய். கீழ்ப்பல் வளர்ந்து வளைந்து மேலண்ணத்தில் குத்தியிருந்தது.

"பசிடி இதுக்கு. துன்ன முடியாம கீது. ரெண்டு பேரும் ஒரே காலேஜ்லதான படிச்சோம், வாயத் தொறந்து பாக்கத் தோணலியா உனக்கு?"

இனி பல்லைத்தான் முதலில் பார்ப்பேன் என்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

"பல்லு நேரா இருந்தா இன்னா பண்ணுவ? அப்பவும் பாத்தத சொல்லணும்."

சில மாதங்களில், வேலை முடிந்து திரும்பும்போது, ஒரகடம் சாலையில் உன் ஸ்கூட்டர்மேல் லாரி ஏறியது. உன் இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. நான் ஒருத்திதான் பார்க்கிறேன்.

இன்று பல்லைப் பார்த்தேன். நேராக இருந்தது. வளைந்திருக்கக் கூடாதா என்று மறுபடியும் பார்த்தேன். அதை வலியில்லாமல் முடித்து வயிற்றைத் திறந்தபோது, கல்லீரல் முழுக்கத் தொற்றைக் காட்டும் வெண்புள்ளிகள்.

சூப்பர்வைசர் வாசலிலேயே நின்றார். "பல்லுதானம்மா? போன தடவ மாதிரி?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம்போல் இருந்தது. அந்த அறையில் கண் திறக்காத குட்டிகளும் இருக்கின்றன.

"இல்ல சார். ஈரல்ல புள்ளி இருக்கு. ரூம பூட்டிடுங்க. மத்த கூண்டுலேர்ந்தும் சாம்பிள் எடுக்கணும்."

"நல்லாப் பாத்தியாம்மா?"

"பாத்துட்டேன் சார்."

குரல் நடுங்கியது எனக்கே கேட்டது. முடிவு வரும்வரை இனி ஒழுங்காகத் தூங்கப்போவதில்லை.

உனக்கும் பயம் இருந்ததா என்று நான் கேட்டதேயில்லை. அன்று அந்த வாயை நீ பிரித்தபோது பல்லைத்தான் பார்த்தேன், உன் விரல்களைப் பார்க்கவில்லை. நடுங்குகிற குரலிலும் பார்த்ததைச் சொல்லிவிட முடியும் என்பது மட்டும் உன்னால் என்னிடம் இருக்கிறது. இன்று அதுதான் பேசியது.