உருளும் கட்டையும் விரல் சுவரும்

12.8.2007, ஞாயிறு

டிவியில் வரும் தடை தாண்டும் போட்டியில் எந்தத் தடை கடினம் என்று மச்சான் ஏழுமலையோடு வாராவாரம் சண்டை. போட்டி முடிந்ததும் யார் என்ன சொன்னோம் என்பதையே மாற்றிவிடுவார். அதனால் இன்று தொடங்கும் முன்பே காலண்டர் தாளில் எழுதி மடித்து வைத்தேன். உருளும் கட்டை சுலபம். விரலால் தொங்கிக் கடக்கும் சுவர்தான் கடினம்.

நாற்பது வருடம் கட்டுமரத்தில் நின்றவன் நான். கட்டை ஆடினால் காலைப் பார்க்கக் கூடாது, தூரத்தைப் பார்க்க வேண்டும். மச்சான் மீனுக்கு ஐஸ் வண்டி ஓட்டியவர். அவருக்குக் கட்டை என்றாலே பயம்.

இன்று கட்டையில் இரண்டு பேர் விழுந்தார்கள். சுவரில் ஒன்பது பேர்.

"நான்தான் சொன்னேனே, சொவுருன்னு! நீதான் கட்டைன்னு நின்னுகினு இருந்த" என்றார் மச்சான்.

தாளை நீட்டினேன். மருமகள் வாங்கிப் படித்தாள். "மாமா, கையெழுத்து நண்டு ஓடுனாப்ல கீது. ஆனா சொவுருன்னு தெளிவா கீது."

என் எழுத்து எனக்காகப் பேசியது இதுதான் முதல் தடவை.

மச்சானுக்குப் படிக்கத் தெரியாது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ எழுதப் படிக்கப் போறியே அந்தக் கிளாசு, எத்தினி மணிக்கு?"

"சாயங்காலம் ஆறு மணிக்கு."

"ஞாயித்துக்கெழம லீவுதானே மச்சான்? போட்டி பாக்கணுமே."