எண்ணாமல் போன சனிக்கிழமை

ஜனவரி 22

இன்று நான் ஓட்டும் லிஃப்டில், கம்பியில் தொங்கிக்கொண்டு மலைமேல் போகும் நாற்காலிகளில், ஏறியவர்கள் பதினொரு பேர். அதில் நாலு பேர் நம் ஊர்க்காரர்கள், விறகு பார்க்கப் போனவர்கள். அவர்களையும் பனியில் சறுக்க வந்தவர்கள் என்று எழுதலாமா? எழுதிவிட்டேன்.

தலைநகர் திபிலிசியிலிருந்து கடிதம். லிஃப்ட் நிறுவனம் பிப்ரவரியில் பத்து நாள் ஆள் வைத்து எண்ணப் போகிறதாம். தினமும் சராசரி நூற்றிருபது பேர் ஏறினால் தெற்குச் சரிவில் இரண்டாவது லிஃப்ட். அது வந்தால் இங்கேயே நிரந்தரமாக ஒரு மெக்கானிக் வேண்டும். இப்போது பழுதானால் மெஸ்தியா டவுனிலிருந்து ஒருவர் வருவார், மூன்று நாள் கழித்து. மெக்கானிக் என்றால் வேறு யார், என் புருஷன் மூர்தாஸ்தான். ஆறு வருஷமாக ஆஸ்திரியாவில் யாரோ ஊர் லிஃப்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறான். வீட்டில் இருப்பது வருஷத்துக்கு இரண்டு மாதம்.

போனில் சொன்னேன். "நூத்தியிருபதா? நம்ம ஊர் மாட்டையெல்லாம் ஏத்தினாக்கூடத் தேறாதேடி!" சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சரி, கொஞ்சம் வந்தது.

பிப்ரவரி 1

ஊர்க்கூட்டம். குத்தாயிசியிலிருந்து இலவசப் பஸ், முப்பது வீட்டிலும் தங்க அறை. பெஸாரியோன் அத்தான் எழுந்தார். மூர்தாஸின் அண்ணன். எந்த விருந்தானாலும் கோப்பையைத் தூக்கி வாழ்த்துச் சொல்லி நடத்துவது அவர்தான். "வர்றவங்கள நாங்க பாத்துக்கறோம். நீ லிஃப்டப் பாரு" என்றார்.

அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 7, சனி

எண்ண வந்த பெண் நுத்ஸா. ஒல்லிக்குச்சி. கையில் சின்னப் பெட்டி, அழுத்த அழுத்த எண் ஏறும். பஸ்களிலிருந்து நூற்று நாற்பது பேர் இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். பத்து மணிக்கு லிஃப்ட் வாசலில் ஏழு பேர். பன்னிரண்டுக்குப் பதினெட்டு.

"மத்தவங்கல்லாம் எங்கக்கா?" என்றாள்.

எங்கே போவார்கள்? வீடு வீடாக ஓடினேன். அத்தான் வீட்டு மேசையைச் சுற்றி இருபத்திரண்டு பேர், சறுக்குக் காலணியைக்கூடக் கழற்றாமல். ஆறாவது வாழ்த்து நடக்கிறது.

"அத்தான், இவங்கள விடுங்க! லிஃப்ட் நாலு மணிக்கு நின்னுரும்!"

"செத்தவங்களுக்கே இன்னும் கோப்பை தூக்கலம்மா. பாதியில எழுப்பிவிடறது மரியாதையா?"

ஒரு போலந்துக்காரர் என்னைப் பாவமாகப் பார்த்தார். அடுத்த நிமிஷம் அவரும் கோப்பையைத் தூக்கினார்.

இன்று மொத்தம் முப்பத்தொன்று.

பிப்ரவரி 8

நாற்பத்து நாலு. கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது.

பிப்ரவரி 9

ஐம்பத்திரண்டு. இனி பொறுக்க முடியாது. சாயங்காலம் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துத் திட்டினேன். நாலு மணி வரை ரொட்டியும் டீயும் தவிர எதுவும் கண்ணில் காட்டக்கூடாது என்றேன். கொலை செய்யச் சொன்ன மாதிரி பார்க்கிறார்கள்.

"விருந்தாளியப் பட்டினி போட்டு மலையேத்தச் சொல்றியா? மூர்தாஸ் கேட்டா என்ன சொல்வான்?" என்றார் அத்தான்.

"வீட்டுக்கு வந்துட்டேன்னு சொல்வான்!" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது. அத்தான் தொப்பியை எடுத்தார், மறுபடி வைத்துக்கொண்டார், போய்விட்டார்.

பிப்ரவரி 10

காலை ஏழு மணிக்குக் கதவு இடிபடுகிறது. திறந்தால் அத்தானும் நாலு ஆட்களும், முதுகில் மேசை!

"லிஃப்டைப் போடும்மா. சோறு வேணும்னா மேல ஏறி வரட்டும்."

மேசை கால் நாலும் வானத்தைப் பார்க்க ஒரு நாற்காலியில் போயிற்று. பின்னாலேயே கம்பளி சுற்றிய பானைகள், கறி அடைத்த குப்தாரி ரொட்டிகள், கடைசி நாற்காலியில் அத்தான், மடியில் சாராயக் கேன். பதினொரு மணிக்கு வாசனை கீழேயே வந்துவிட்டது. ஊரே மேலே ஓடுகிறது.

நூற்று இருபத்தாறு!! மூர்தாஸிடம் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. "நிஜமாவா?" என்று இரண்டு தடவை கேட்டான்.

பிப்ரவரி 13

தினமும் ஏறிக்கொண்டே போகிறது, இன்று நூற்றைம்பத்தொன்று. இரண்டு நாளைக்கு வந்த போலந்துக்காரர் இன்னும் போகவில்லை, அத்தான் வீட்டில் மாட்டுக்கு வைக்கோல் போடுகிறார். "ஒரு நாளைக்கு ஒரே தடவைதான்க்கா ஏறறாங்க. சாயங்காலம் சறுக்கி இறங்கறாங்க, இல்லேன்னா உருண்டு" என்றாள் நுத்ஸா. ஏறினால் போதாதா? முதல் மூன்று நாள் ஓட்டையை அடைக்க வேண்டும். நாளை சனிக்கிழமை, ஏழு பஸ். இருநூறைத் தாண்டினால் கரையேறிவிடலாம்.

பிப்ரவரி 14, சனி

எழுதவே கை வரவில்லை.

காலையில் நுத்ஸாவுக்கு ஒரே இருமல், உதடு நீலம். வாசலில் நின்று நடுங்குகிறாள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க நான் கல்லா? லிஃப்டைப் பள்ளிக்கூட வாத்தியாரிடம் விட்டுவிட்டு வீட்டுக்குக் கூட்டிவந்தேன். கால் மணி நேரம் என்றுதான் சொன்னேன். சூப்பு ஊற்றினேன். குப்தாரி வைத்தேன். இருமலுக்கு ஒரு வாய் சாராயம். அம்மா என்ன செய்கிறாள், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்... பேசிக்கொண்டே அவள் தூங்கிப்போனாள். போர்த்திவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன், அப்படியே கண் அசந்துவிட்டேன்.

வெளியே வந்தபோது மணி நாலு தாண்டி, லிஃப்ட் நின்றுவிட்டிருந்தது. எண்ணும் பெட்டி என் அடுப்படியில், ரொட்டிக்குப் பக்கத்தில். அதில் பத்தொன்பதுதான்.

"எண்ணவா? யாரும் சொல்லலையே" என்கிறார் வாத்தியார். அத்தான் மேலிருந்து ஆடிக்கொண்டே இறங்கினார். "இருநூத்து முப்பது தட்டும்மா! அதுக்கும் மேல!" பெட்டி அடுப்படியில் கிடந்ததைச் சொன்னேன். முகத்தையே பார்த்தார். அப்புறம் பனியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். "எங்களத் திட்டின அதே வாயா? ஊட்டி வேற விட்டியாமே!"

நுத்ஸா அழுதாள். "பாக்காதத எழுத முடியாதுக்கா." நான் எழுதச் சொல்லவில்லை. இல்லை, பொய் எதற்கு, ஒரு தடவை சொன்னேன்.

பிப்ரவரி 16

சராசரி தொண்ணூற்றொன்பது. நுத்ஸா கிளம்பினாள், பையில் மூன்று பாலாடைக்கட்டி.

மூர்தாஸிடம் சொல்லிவிட்டேன். "உன் வேலைய நானே சூப்புல கரைச்சு ஊத்திட்டேன்." "அந்தப் பொண்ணுக்கு இருமல் நின்னுச்சா?" என்றான்.

போனை வைத்துவிட்டு நன்றாக அழுதேன். இந்த மனுஷனைப் போய் அவ்வளவு தூரத்தில் வைத்திருக்கிறேனே.

மார்ச் 20

கடிதம் வந்தது. இரண்டாவது லிஃப்ட் இல்லை.

ஏப்ரல் 9

நுத்ஸா போன் செய்தாள். அவள் அறிக்கையில் எழுதியதைப் படித்துக் காட்டினாள். இரண்டாவது லிஃப்ட் கட்டினால் வெறும் நாற்காலிதான் போய் வரும், ஒருவரும் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறவில்லை. ஆனால் இரண்டு நாளைக்கு வந்தவர்கள் ஐந்து நாள் இருந்தார்கள். போனவர்கள் அடுத்த வருஷத்துக்கு இப்போதே அறை கேட்கிறார்கள்.

"அதனால மேல ஒரு சாப்பாட்டுக்கூடம் கட்டறாங்கக்கா. பழைய லிஃப்டப் புதுப்பிச்சுக் கோடையிலயும் ஓட்டப் போறாங்க. வருஷம் பூரா மெக்கானிக் வேணும். உங்களுக்கு யாரையாவது தெரியுமா?"

தெரியுமாவா! நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக் கோழி கூரையேறிவிட்டது.

மே 27

மூர்தாஸ் வந்து நாலு நாள். வந்ததிலிருந்து திட்டு. "இந்த போல்ட்ட வச்சுக்கிட்டா ஆள ஏத்தின? உனக்கு நெஞ்சழுத்தம்டி!" நானும் விடவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சண்டை. இனிக்கிறது.

ஒவ்வொரு வருஷமும் அவன் பயணப்பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே இருக்கும், திரும்ப எடுக்க வசதியாக. இன்று மத்தியானம் அதை வெளியே இழுத்துத் துடைத்தான். ஏணி போட்டுப் பரணில் ஏற்றினான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.