உறை பிரிக்காத தங்கக்காசு

இன்று காலை லஸ் முனையில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிப் பத்து ரூபாய் நாணயத்தை நீட்டினேன். டிரைவர் கையை இழுத்துக்கொண்டார். "காயின் வாணாம்மா. எவனும் வாங்க மாட்றான்."

"கவர்மென்ட் அடிச்ச காசுதானேப்பா?"

"இருக்கட்டும்மா. டூப்ளிகேட்னு சொல்லிக்கினு கீறாங்க, நான் இன்னா பண்றது?"

அசல் காசைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் நின்றபோது உன் ஞாபகம் வந்தது. நீ இருந்திருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பாய். சிங்க முத்திரை போட்ட எதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பியவள் நீ. "கவர்மென்ட் முத்திரைடி, அதுக்கு மேல என்ன வேணும்?" என்று சொல்லித்தான், நம் ஆபீசுக்கு வந்து விற்ற ஒருவனிடம் தங்கக்காசு வாங்கி, என் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் கொடுத்தாய்.

அப்படி வந்த காசை நம் வீடுகளில் யார் பிரித்தார்கள்? பிளாஸ்டிக் உறையைக் கிழித்தால் மதிப்புப் போய்விடும் என்று பீரோவில் பூட்டுவோம். அடுத்த விசேஷத்துக்கு அப்படியே எடுத்துக் கொடுத்துவிடுவோம். யார் தந்தது என்பதே மறந்து, உன் காசை உன் மகள் கல்யாணத்துக்கே மொய்யாக வைத்த மகராசி நான்!

உன் சம்பந்தியம்மா அசோக் நகரிலிருந்து உன் மகளையும் கூட்டிக்கொண்டு அந்தக் காசோடு வந்த அன்று நானும் உன் வீட்டில் இருந்தேன். செயினுக்குப் போடலாமென்று தி. நகர் கடையில் பிரித்து உரசியிருக்கிறார்கள். மேலே முலாம், உள்ளே வெறும் செம்பு. "முத்திரையெல்லாம் பக்காவா இருக்கு. தெரிஞ்சேதான் குடுத்திருக்காங்க" என்று என்னைப் பார்த்தே சொன்னார். மொய் நோட்டில் அந்தக் காசுக்கு நேரே என் பேர்தான் இருந்தது. "எனக்கும் யாரோ வெச்சுக் குடுத்ததுங்க" என்றேன். எனக்கே அது பொய் மாதிரி கேட்டது.

நீ அந்தக் காசு ஒட்டியிருந்த அட்டையை வாங்கித் திருப்பினாய். மூலையில் எண்ணெய் ஊறிய குங்குமக் கறை. யாருக்கு எதைக் கொடுத்தாலும் சாமி விளக்கில் விரல் நனைத்துப் பின்பக்கம் பொட்டு வைப்பது உன் வழக்கம். அந்த அடையாளம் அன்று உனக்குத்தான் தெரியும்; எனக்கே நீ பிறகு சொல்லித்தான் தெரிந்தது. வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். புகுந்த வீட்டில் உன் மகளின் மானம் வேறு இருந்தது. அவளை ஒரு தடவை பார்த்தாய்.

"இது நான் வாங்கினது சம்பந்தியம்மா. இவளுக்கு நான்தான் குடுத்தேன், இவ அதையே எங்களுக்கு வெச்சிருக்கா. ஏமாந்தது நான். இவ மேல ஒரு தப்பும் இல்ல."

அவர் மருமகளோடு கிளம்பிப் போய்விட்டார். கதவைச் சாத்திவிட்டு நீ அழுதாய். "பொண்ணை அங்க குத்திக் காட்டுவாங்கடி" என்றாய். பிறகு உன் வளையலைக் கடையில் போட்டு வேறு காசு வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தாய்.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்த அம்மா வந்திருந்தார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அப்புறம், "அவங்க திருப்பிக் குடுத்த காசை நான் எந்தக் கடையிலயும் காட்டலைங்க. அவங்க சொன்னா சரிதான்" என்றார்.

எனக்கும் அப்படி ஒரு பேர் வேண்டுமென்று ஆசையாக இருக்கிறது. வீட்டில் ஏதாவது தப்பு நடந்தால், யாரும் கேட்பதற்கு முன்னால் "நான்தான்" என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். இன்னும் குரல் நடுங்குகிறதடி.